வெப்கேமில் ஐஎஸ்பிஎன் பார்கோடு: தெளிவாகத் தெரிந்தும் படிக்கவில்லை

ஏடு:
ஊர் நூலகத்துக்காக 640×480 வெப்கேம், பழைய லினக்ஸ் கணினி, இசட்பார் மென்பொருள் வைத்து பார்கோடு ரீடர் செய்கிறோம். கிட்டத்தில் பிடித்தால் மங்கல். ஓரடி தள்ளினால் தெளிவு, ஆனால் படிப்பதில்லை. லேமினேஷன் அட்டை என்றால் சுத்தமாக எடுப்பதில்லை. வேறு கேமரா வாங்கணுமா?

குவியம்:
வேண்டாம். தள்ளிப் பிடித்தால் பிக்சல் பற்றாது. ஈஏஎன்-13 என்பது புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தாங்கும் 13 இலக்க பார்கோடு வகை. முழு அளவு ஈஏஎன்-13-இல் மிக மெல்லிய கோடு 0.33 மி.மீ. அதற்கு 2 பிக்சலாவது விழணும். 3 விழுந்தால் கவலையில்லை. படத்தின் அகலத்தில் 7 செ.மீ. மட்டும் தெரிந்தால் 3 கிடைக்கும். ஸ்கேலைக் காட்டி அந்தத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் 6 முதல் 8 செ.மீ. வரும்.

இனி ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் இல்லாத வெப்கேம் பலவற்றில் லென்ஸ் மரையில் உட்கார்ந்திருக்கும். மூடியைக் கழற்றி, பசையைப் பிளேடு நுனியால் சுரண்டிவிட்டு, லென்ஸை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். முழுக்கக் கழற்றாதீர்கள், சென்சாரில் தூசி விழும். கோடுகள் கூர்மையானதும் மரையில் ஒரு சொட்டு நெயில்பாலிஷ்.

கறுப்புக்கோடு:
மெகாபிக்சலுக்குக் கொடுக்கும் காசை விளக்குக்குக் கொடுங்கள். ஆட்டோ எக்ஸ்போஷர் இருட்டில் சென்சார் ஒளி வாங்கும் நேரத்தை நீட்டிவிடும். புத்தகம் விநாடிக்கு 10 செ.மீ. நகர்ந்தால் 5 மில்லிவிநாடியில் அரை மி.மீ. இழுபடும், ஒரு கோட்டைவிட அது அதிகம். மேனுவலுக்கு மாற்றி 2 மில்லிவிநாடி வையுங்கள். லினக்ஸின் கேமரா இடைமுகமான வி4எல்2-வில் அலகு 100 மைக்ரோவிநாடி, ஆகவே மதிப்பு 20. இவ்வளவு குறைத்தால் மின்வாரிய லைனில் எரியும் சில விளக்குகள் படத்தில் பட்டைபட்டையாக விழும். யூஎஸ்பி 5 வோல்ட் வெள்ளை எல்இடி பட்டையே சரி. அதை லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டாமல், 45 டிகிரி சாய்வில் ஓரத்திலிருந்து அடியுங்கள். லேமினேஷன் மினுக்கு வேறு பக்கம் போய்விடும்.

ஏடு:
நன்றி. பார்கோடே இல்லாத பழைய புத்தகங்களுக்கு?

குவியம்:
கோட் 128 என்ற பார்கோடு வகையில் ஸ்டிக்கர். 6 இலக்க எண்ணுக்கு 68 மாட்யூல்தான் (மாட்யூல் என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம்). 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் மாட்யூலுக்கு 3 புள்ளி வைத்தால் கோடுகள் 25.5 மி.மீ.; இருபுறமும் 10 மாட்யூல் வெற்றிடம் சேர்த்து 33 மி.மீ. அந்த வெற்றிடத்தை வெட்டிவிட்டால் எந்த ரீடரும் திணறும்.

கறுப்புக்கோடு:
ஒரே புத்தகம் ஃபிரேமுக்கு ஃபிரேம் பதிவாகும். தொடர்ந்து 2 ஃபிரேமில் அதே எண் வந்தால் மட்டும் ஏற்று, அடுத்த 1 விநாடிக்கு அந்த எண்ணைத் தள்ளிவிடும்படி எழுதுங்கள். ஈஏஎன்-13-இல் ஐஎஸ்பிஎன் முன்னொட்டான 978, 979 என்று தொடங்காதவற்றையும் வடிகட்டுங்கள். சில அட்டைகளில் கடைக்காரர் ஒட்டிய விலை பார்கோடும் இருக்கும்.