அவசரம்: இரட்டை கார்புரேட்டர், ஐடில் இறங்க மாட்டேன் என்கிறது

கிளட்ச்கட்டை:
ரெண்டு கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவி, புது ரிப்பேர் கிட் போட்டு மாட்டினேன். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஐடில் வேகம் நிமிடத்துக்கு 1400 சுற்றுக்குக் கீழே வரவில்லை. பின்னால் இருப்பதன் ஐடில் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டும். என்ன செய்யலாம்?

பக்கவால்வு:
என்ன வண்டி? கார்புரேட்டர் எஸ்யூவா, வெபரா, ஸ்ட்ராம்பெர்க்கா? ஜோசியம் பார்க்கவா சொல்கிறீர்கள்?

புகைக்குழல்:
ஏர் லீக்தான். மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் கார்ப் கிளீனரை லேசாக அடியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டின் தண்டு) தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும்.

பாயிண்ட்கேப்:
கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் முக்கால்வாசி இக்னிஷன் கோளாறு. ஸ்பார்க் டைமிங் அதிகமாக அட்வான்ஸ் ஆகியிருந்தால், அதாவது முந்தியே வந்தால், ஐடில் ஏறத்தான் செய்யும்.

பழையதலை:
முதலில் வால்வ் கிளியரன்ஸ் (வால்வ் இடைவெளி), பிறகு டைமிங், கடைசியில்தான் கார்புரேட்டர். எத்தனை தடவை எழுதியாயிற்று. படிக்காமல் ஸ்பேனரைத் தூக்கிவிடுகிறார்கள்.

கிளட்ச்கட்டை:
மன்னிக்கவும். 1967 எம்ஜிபி கார், எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர். டைமிங், வால்வ் ரெண்டும் பார்த்தாயிற்று. ஸ்ப்ரே அடித்தேன், மாற்றமில்லை. 1, 2 சிலிண்டர் பிளக் கரியாக இருக்கிறது. 3, 4 நல்ல நிறம்.

பக்கவால்வு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 1, 2-க்குக் கொடுப்பது முன் கார்புரேட்டர். ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாக, ஓடுவது அதுதான். ஐடிலும் ஏறியிருக்கிறது என்றால் எனக்கு சோக் மேல்தான் சந்தேகம். எச்எஸ்-ல் சோக்கை இழுத்தால் ஜெட் (பெட்ரோல் வெளிவரும் துளைக்குழாய்) கீழே இறங்கும், கேம் வழியாக த்ராட்டிலும் கொஞ்சம் திறக்கும். கிட்டில் ஜெட்டோடு புது நைலான் குழாய் வந்திருக்குமே? அது விறைப்பாக நின்றால் ஜெட் முழுசாக மேலே திரும்பாது. சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, முன் ஜெட்டை அடியிலிருந்து விரலால் மேலே அழுத்திப் பாருங்கள்.
பின் ஸ்க்ரூ வேலை செய்யாததற்கு வேறு காரணம். ரெண்டு ஸ்பிண்டிலையும் இணைக்கும் கிளாம்ப் இறுகியிருந்தால், முன்னது திறந்தே பிடித்திருக்கும்போது பின்னது எப்படி மூடும்? கிளாம்பைத் தளர்த்திவிட்டு ரெண்டையும் தனித்தனியாக அமையுங்கள். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் ஒரே இடத்தில் பிடியுங்கள். 'உஸ்' சத்தம் ரெண்டிலும் ஒன்றுபோல வரும்வரை. அப்புறம் கிளாம்பை இறுக்குங்கள்.

டேஷ்பாட்பிரியன்:
டேஷ்பாட்டில் (கார்புரேட்டர் பிஸ்டனின் வேகத்தை அடக்கும் ஆயில் இருக்கும் இடம்) என்ன ஆயில்? 20 கிரேடு தவிர எதுவும் ஊற்றாதீர்கள்.

புகைக்குழல்:
நான் வருஷக்கணக்காக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தான் ஊற்றுகிறேன். வண்டி ஓடத்தான் செய்கிறது.

டேஷ்பாட்பிரியன்:
ஓடும். திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் தெரியும். ஆயில் மெலிதாக இருந்தால் பிஸ்டன் சட்டென்று ஏறிவிடும், அந்த நொடியில் லீனாகி, அதாவது பெட்ரோல் குறைந்து, இன்ஜின் தயங்கும்.

பழையதலை:
அவர் கேட்டது ஐடில். ஐடிலுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்? தலைப்பையாவது படியுங்கள்.

டேஷ்பாட்பிரியன்:
ஐயா, நான் உங்களிடம் பேசவில்லை.

பாயிண்ட்கேப்:
கண்டென்ஸர் பார்த்தீர்களா?

கிளட்ச்கட்டை:
முன் ஜெட்தான். விரலால் தள்ளியதும் 'டக்' என்று மேலே போயிற்று, சத்தமே மாறிவிட்டது. குழாயை வளைத்துவிட்டேன், கிளாம்பும் தளர்த்தி இறுக்கினேன். இப்போது 800. நன்றி, கிளம்புகிறேன்.

பக்கவால்வு:
நல்லது. இனி பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திரும்பப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் பிஸ்டனை 'லிஃப்டிங் பின்' என்ற சின்ன ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்குள் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச், இன்ஜின் திணறினால் லீன், லேசாக ஏறி உடனே பழையபடி வந்தால் சரி. இப்போது ஜெட்டை ஏற்றி இறக்கும் நட் எத்தனை முகம் (நட்டின் பக்கம்) இறங்கியிருக்கிறது?

பக்கவால்வு:
ஹலோ?

புகைக்குழல்:
போய்விட்டார். சரி, ஏடிஎஃப் விஷயத்துக்கு வருவோம்.