ஹீட் பம்ப் போட்டவர்கள் இருக்கிறீர்களா? பேர்னஸைக் கழற்றவா, விடவா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கனடாவில், டொரொன்டோ ஸ்காபரோவில் எங்கள் வீடு 1,800 சதுர அடி. ஏசி இந்தக் கோடையோடு போய்விட்டது, வீட்டைச் சூடாக்குகிற காஸ் பேர்னஸுக்கும் 18 வயது. புது ஏசிக்குப் போடுகிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஹீட் பம்பே வாங்கலாம் என்று நினைக்கிறோம்.

கோடையில் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளும், குளிர்காலத்தில் வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே இழுக்கும். அது விளங்குகிறது. மிதமான குளிரில் ஒரு அலகு கரண்டுக்கு மூன்று அலகு சூடு கிடைக்கும், சரி. ஆனால் மைனஸ் 20இல் அந்தக் கணக்கு நன்றாக இறங்கிவிடுமே! அம்மாவுக்கு இப்போதே கால் விறைக்கிறது.

ஒரு கொன்ட்ராக்டர் பேர்னஸை விட்டுவைத்து, கடுங்குளிருக்கு மட்டும் ஓடவிடச் சொல்கிறார், 2 டன் ஹீட் பம்ப் போதுமாம். மற்றவர் பேர்னஸைக் கழற்றிவிட்டு 3 டன்னும் துணைக்குக் கரண்ட் ஹீட்டரும் என்கிறார். வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று இருவருமே கணக்குப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு இடிக்கிறது. எங்கள் வீட்டுக் கரண்ட் பேனலும் 100 ஆம்ப்தான், அந்த ஹீட்டரைத் தாங்குமோ தெரியாது.

பேர்னஸோடு சேர்த்துப் போட்டவர்கள் எத்தனை பாகையில் காஸுக்கு மாற்றுகிறீர்கள்? ஜனவரி பில் எவ்வளவு வந்தது? காற்றுப் போகிற பழைய டக்ட் குழாய்களே போதுமாக இருந்தனவா? அப்புறம், வெளிப்பெட்டிச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்களா?