தலைப்பில் விட்டுப்போன பெயர்

[குழு: பெரிய வீடு]

நான்: (புகைப்படம்) இன்று இத்தாலியின் மிலான் நகரப் பூங்காவில் இந்தச் சிலையை எடுத்தேன். தலையில் தொப்பி, மடியில் தட்டச்சுப்பொறி. யார், சொல்லுங்கள் பார்க்கலாம்.

தம்பி: தட்டச்சுபொறியோடு நீதிமன்ற வாசலில் மனு எழுதித் தருபவர்.

பெரியப்பா: தட்டச்சுப்பொறி. 'ப்' வரும். கேலியும் வேண்டாம், உன் தாத்தா பார்த்த வேலை அது.

நான்: இந்த்ரோ மொந்தனெல்லி. 'இல் ஜோர்னாலே' என்ற வலதுசாரி நாளிதழைத் தொடங்கியவர். நாற்பது வருடம் பிழை திருத்தியவர் நீங்கள், உங்களுக்காகத்தான் எடுத்தேன்.

பெரியப்பா: பெயருக்கு என்ன பொருள், கண்ணு?

நான்: 'செய்தித்தாள்', அவ்வளவுதான். 1974 ஜூன் 25-இல் முதல் இதழ் வந்தபோது 'புதிய செய்தித்தாள்'. 1983-இல் 'புதிய' போய்விட்டது.

தம்பி: ஒன்பதே வருடத்தில் பழசாகிவிட்டதா?

நான்: அதற்கு முன் இதே ஊரின் 'கொரியேரே டெல்லா சேரா' நாளிதழில் எழுதினார். அது இடது பக்கம் சாய்கிறது என்று மோதிக்கொண்டு 1973-இல் வெளியேறினார். பழைய சகாக்கள் பலர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். 1976 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் முந்திவிடுவார்களோ என்று பயம். மூக்கைப் பொத்திக்கொண்டாவது கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்குப் போடுங்கள் என்றார்.

அத்தை: அப்படிப் போட்டுப் போட்டுத்தான் எனக்கு மூக்கே மரத்துவிட்டது.

நான்: அடுத்த வருடம் ஜூன் 2 காலை, இந்தப் பூங்கா ஓரத்தில் அவரைக் காலில் சுட்டார்கள். 'ரெட் பிரிகேட்ஸ்' என்ற இடதுசாரி ஆயுதக் குழு. விழக் கூடாது என்று கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். மறுநாள் கொரியேரேயின் தலைப்பில் 'பத்திரிகையாளர்கள்' என்று மட்டும் இருந்தது. அத்தனை வருடம் அங்கே எழுதியவரின் பெயர் தலைப்பில் இல்லை.

பெரியப்பா: இடம் போதவில்லை என்பார்கள். வேண்டியவன் என்றால் இடம் தானாக வரும். எங்கள் அச்சகத்தில் மாவட்டத் துணைச் செயலாளர் ஒருவரின் பெயரை, பட்டத்தோடு சேர்த்து, ஆறு பத்தித் தலைப்பில் உட்கார வைத்திருக்கிறோம்.

தம்பி: பத்திரிகைக்குப் பணம் யார் கொடுத்தது?

நான்: முதலில் மொந்தெடிசன் என்ற இரசாயன நிறுவனத்தின் விளம்பர ஒப்பந்தம். 1977-இல் கட்டடத் தொழிலதிபர் ஒருவர் பங்கு வாங்கினார். பெர்லுஸ்கோனி.

அத்தை: அந்தப் பிரதமரா?

நான்: அப்போது அரசியலிலேயே இல்லை, அத்தை. தொலைக்காட்சி வைத்திருப்பவர் நாளிதழும் வைத்திருக்கக் கூடாது என்று 1990-இல் சட்டம் வந்த பிறகு பங்குகள் அவருடைய தம்பி பாவோலோவிடம் போயின.

தம்பி: அக்கா, உன் மனையையும் என் பெயருக்கு மாற்றி வைக்கலாமே.

நான்: 1994 ஜனவரியில் பெர்லுஸ்கோனி கட்சி தொடங்கும் நேரம். ஆசிரியர் குழுக் கூட்டத்துக்கே நேரில் வந்து, பத்திரிகை தமக்குத் துணை நிற்க வேண்டும் என்று பேசினார். சில நாளில் மொந்தனெல்லி கிளம்பிவிட்டார், தாமே கட்டிய பத்திரிகையை விட்டு. வயது 84. என் வீட்டுக்காரப் பாட்டியும் அன்றோடு இல் ஜோர்னாலே வாங்குவதை நிறுத்திவிட்டாராம். மார்ச்சில் 'லா வோச்சே' என்று இன்னொன்று தொடங்கினார். 'குரல்'. 1995 ஏப்ரலில் அதுவும் நின்றுவிட்டது.

பெரியப்பா: 84 வயதில் புதுப் பத்திரிகையா!

அத்தை: அண்ணா, உங்களுக்கு அந்த எண்ணமே வேண்டாம்.

தம்பி: இல் ஜோர்னாலே இப்போதும் வருகிறதா?

நான்: வருகிறது. தொனி ஏறிவிட்டது. 2016-இல் ஹிட்லரின் 'மைன் காம்ப்' நூலைப் பத்திரிகையோடு கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2023-இல் பெரும்பான்மைப் பங்கு ஆஞ்செலுச்சி குடும்பத்திடம் போனது. மருத்துவமனைத் தொழிலில் உள்ளவர்கள்.

அத்தை: இப்போதுதான் தேடிப் பார்த்தேன். இந்தச் சிலை மேல் சிவப்புச் சாயம் ஊற்றியிருக்கிறார்களே?

நான்: ஆமாம், 2020-இல். எத்தியோப்பியப் போருக்குப் போனபோது 12 வயதுச் சிறுமியை விலை பேசி 'மனைவி'யாக வைத்துக்கொண்டார். 1969-இல் தொலைக்காட்சியில் அவரே சொன்னார்.

அத்தை: காலையிலிருந்து கதாநாயகன் கதை கேட்டேனே! முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

நான்: சொல்லியிருக்க வேண்டும், அத்தை.

பெரியப்பா: அந்தக் குழந்தையின் பெயர் என்ன?

நான்: ஒரு முறை ஃபாத்திமா என்றார். இன்னொரு முறை தெஸ்தா என்றார்.

அத்தை: பெயர்கூட நினைவில்லை அந்த மனிதனுக்கு.

பெரியப்பா: ஊருக்கு வரும்போது அந்தப் பத்திரிகையில் ஒரு பிரதி எடுத்து வா, கண்ணு. மொழி தெரியாவிட்டால் என்ன, தலைப்புக்கு எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று பார்க்கிறேன்.