கோவை – கொச்சி: விமானத்தில் 120 கிலோமீட்டர், கையில் எத்தனை மணி நேரம் வேணும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இரண்டு விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ., கடல் மைலில் 65. தூரம் காட்டும் இணையதளங்கள் இதற்குப் போடுகிற "40 நிமிடம்" வெறும் வகுத்தல் கணக்கு. மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 9 நிமிடம். ஏற, இறங்க 30 நிமிடம் சேர்த்துவிடுவார்கள். அந்த வழியில் நேரடி விமானம் ஓடுகிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

வாளையார் வடக்கு:
அண்ணா, அந்த 800-ஏ இங்கே ஒத்துவராது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.தான் உச்சவரம்பு. ஜெட் மேலே ஏறி வேகம் பிடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்கணும். விசிறி வைத்த ஏடிஆர் 72-க்கு முழு வேகமே 500 சொச்சம்; இவ்வளவு கிட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது.

ஓடுபாதைதான் முக்கியம். கோவையில் 05/23. 23 என்றால் சுமார் 230 பாகை, தென்மேற்கு. கொச்சியும் அந்தப் பக்கமே. விமானம் எதிர்காற்றில் எழும்பும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் கிளம்பியபடியே போய்விடலாம். மார்கழியில் கீழைக்காற்று என்றால் 05-இல் வடகிழக்காக எழும்பி, திரும்பி வரணும். கொச்சியில் 09/27, கிழக்கு மேற்காக. 27-இல் இறங்க, கிழக்கே போய் வரிசை பிடிக்கணும். அந்தப் பக்கம் மலை. அங்கே ஆனைமுடிச் சிகரமே 2,695 மீட்டர். நினைத்த இடத்தில் தாழ முடியாது.

இன்னொன்று, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் உருளாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து நகர்வதிலிருந்து, போய் நின்று கட்டை போடுவது வரை.

சித்தூர் கிழக்கு:
நேரடி விமானம் இல்லாத நாளில் டிக்கெட் இணையதளங்கள் பெங்களூரு வழியாகக் காட்டும். கோவை–பெங்களூரு 250, பெங்களூரு–கொச்சி 366. ஆக 120 கி.மீ. போக 616 கி.மீ.! வேறு வழியில்லை என்றால் இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போடணும். கவுன்ட்டரைப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்னாடியே மூடிவிடுவார்கள். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது டிக்கெட் காசு போச்சு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரியாச் சொன்னீங்க. ரோட்டில் தேசிய நெடுஞ்சாலை 544 வழியே விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு 170 கி.மீ. சொச்சம். 2022-இல் பாலக்காடு–திருச்சூர் நடுவே குதிரான் மலையில் இரண்டாம் சுரங்கமும் திறந்த பிறகு அந்த ஏற்றத்து நெரிசல் போய்விட்டது. ரயில் என்றால் கொச்சி விமான நிலையத்துக்குக் கிட்டத்து ஸ்டேஷன் அங்கமாலி. ஆனால் எக்ஸ்பிரஸ் பலதும் ஆலுவாவில்தான் நிற்கும்.

வாளையார் வடக்கு:
பாலக்காட்டுப் பக்கத்து ஆட்களுக்குக் கோவை விமான நிலையம் சுமார் 65, கொச்சி விமான நிலையம் 115 கி.மீ. டிக்கெட் விலையில் மிச்சம் பிடிக்கிறேன் என்று கொச்சியில் எடுத்தால் டாக்ஸி, சுங்கச்சாவடி இரண்டும் அதைத் தின்றுவிடும். கோவைக்குப் போகிறவர்கள் உக்கடத்துக்குள் நுழையாமல் மதுக்கரையில் எல் அண்ட் டி பைபாஸ் பிடித்து நீலாம்பூரில் ஏறி, அவிநாசி ரோட்டில் சிட்டி பக்கம் திரும்புங்கள். அந்த பைபாஸில் ஒரு லாரி முன்னால் ஊர்ந்தால் எல்லாரும் பின்னால்தான், அதற்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.