புதுப்பிப்பு: அச்சகத்துக்குக் கிரெடிட் கார்டு கிடைத்த கதை

எட்டு மாதங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன்: ஈரோட்டில் சின்ன அச்சகம், ஜிஎஸ்டி, உத்யம் என்ற சிறுதொழில் பதிவு எல்லாம் இருந்தும் தொழிலுக்கான கிரெடிட் கார்டு கேட்டபோது வங்கி கைவிரித்துவிட்டது என்று. "முதலில் சிபில் அறிக்கையைப் பாருங்கள்" என்றீர்கள்; நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கை அது. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

தனி உரிமையாளர் என்பதால் கடையின் தலையெழுத்தும் என் பான் எண்ணில்தான் இருக்கிறது. எப்போதோ கட்டி முடித்த பைக் கடனில் ₹1,140 பாக்கி என்று அறிக்கை சொன்னது. பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்த, கடன் முடிந்ததற்கான தடையின்மைச் சான்றைத் தேடியெடுத்துப் புகார் அளித்தேன். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு ₹100 இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. 26ஆம் நாளே திருத்திவிட்டார்கள்; சற்று ஏமாற்றம்தான்!

பிறகு ₹50,000 வைப்பு வைத்து, அதன் பேரில் ₹40,000 வரம்புள்ள கார்டு வாங்கினேன். காகிதக் கடைக்காரர் கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார். அதனால் மின் கட்டணம், மை, தகடு ஆகியவற்றுக்கு மட்டும்தான். மாதம் ₹12,000 தாண்டுவதில்லை, கெடுவுக்கு முன்பே கட்டிவிடுகிறேன்.

668 ஆக இருந்த சிபில் மதிப்பெண் இப்போது 741. போன வாரம் அதே வங்கியிலிருந்து அழைப்பு: ₹1.5 லட்சம் வரம்பில் கார்டு தருகிறார்களாம். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்னும் அழைக்கவில்லை.