ஆபீஸ் சிஸ்டத்தோடு நீங்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, ஆனாலும் எது நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பில்லிங் சிஸ்டத்தில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பிதான். மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரலில். சோம்பேறித்தனத்தால் விட்டுவைக்கவில்லை. சிபியுவுக்குப் பின்னால், பழைய பிரிண்டர் கேபிள் செருகுகிற அந்த அகலமான போர்ட்டில் ஒரு டாங்கிள், அதாவது சாஃப்ட்வேருக்குச் சாவி மாதிரியான சின்னக் கருவி, இருந்தால்தான் பில் திரையே திறக்கும், இப்போது வருகிற மிஷின்களில் அந்தப் போர்ட் கிடையாது. சாஃப்ட்வேர் எழுதியவர் 2017ல் ஜிஎஸ்டிக்காகக் கடைசியாக ஒருமுறை வந்து வரியைச் சேர்த்துக் கொடுத்தார், அப்புறம் தொழிலையே விட்டுவிட்டார்.

ரெடிமேடில் பீஸ் 1000 ரூபாயைத் தாண்டினால் 12 சதவீதம் என்று இருந்ததை 2025 செப்டம்பர் 22லிருந்து 2500 வரைக்கும் 5, அதற்கு மேல் 18 என்று மாற்றினார்கள் இல்லையா, அந்த 1000 எங்கள் சாஃப்ட்வேருக்குள்ளேயே எழுதியிருக்கிறது. தீபாவளி சீசனில் ஒவ்வொரு பில்லையும் கால்குலேட்டரில் போட்டுத் திருத்தினோம். இரண்டு வருஷமாக நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன விஷயம், முதலாளி அந்த ஒரு வாரம் கவுண்டரில் நின்று பார்த்ததும் "சரி, மாத்திருங்க தம்பி" என்றார்.

மாற்றுவதற்கு முன்னால் பேக்கப்பைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை தவறாமல் கவுண்டர் அக்கா பென் டிரைவில் எடுத்துவைப்பது. உள்ளே இருந்தது டெஸ்க்டாப்பில் இருக்கிற ஷார்ட்கட் மட்டும், இரண்டே கிலோபைட். எட்டு வருஷமாகப் பார்ட்டிகள், அதாவது கடன் வாடிக்கையாளர்கள், தர வேண்டிய பாக்கிக் கணக்கு எதுவுமே அதில் இல்லை. "அந்தப் படத்தைக் காப்பி பண்ணி இதுல போடுன்னு சொன்னாங்க தம்பி, ஒரு வாரம்கூட விட்டதில்லையே" என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. சொல்லிக்கொடுத்தவர்களும் நாங்களும் ஒருநாளாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து முழு ஃபோல்டரையும் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்தோம்.

இப்போது புது சாஃப்ட்வேர் ஒரு மாதமாகப் பழையதோடு சேர்ந்தே ஓடுகிறது. மவுஸைத் தொடாமல் எண்டர் தட்டியே பில் முடிய வேண்டும் என்பது அக்கா கேட்ட ஒரே விஷயம், வந்த பையன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைச் செய்துகொடுத்துவிட்டுத்தான் போனான். போன சனிக்கிழமை அக்காவே டிஸ்க்கைச் செருகி, ஒரு பழைய பார்ட்டியின் பாக்கியைத் திறந்து காட்டினார்.

---

அண்ணா, பேக்கப் விஷயத்தைப் படித்ததும் முதல் வேலையாக எங்களுடையதைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன், நல்லவேளை இருக்கிறது. நான் சென்னையில் ஒரு சின்ன பதிப்பகத்தில் பக்கம் கட்டுகிறேன். எங்களுக்குப் பிரச்சினை மிஷின் இல்லை, எழுத்துரு. பழைய புத்தகமெல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்தது. அந்த ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் "அம்மா" என்பதுகூட நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், புள்ளி அந்த விசையில்தானே இருக்கிறது. ஒரு ஊர்ப் பெயரைத் தேட வேண்டுமென்றால் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்ட வேண்டியதுதான். எந்த சிஸ்டத்தில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிற பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசே 2010ல் ஏற்றுக்கொண்டது, நாங்கள் போன வருஷம்தான் ஆரம்பித்தோம்.

கன்வெர்ட்டரில் போட்டால் நிமிஷத்தில் மாறிவிடும், ஆனால் நடுவில் வருகிற ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கி அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக்கிவிடும். முதல் மூன்று புத்தகத்தில் அதைக் கையால் திருத்தி மணிக்கட்டு வலி வந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் பிடிபட்டது: வேர்டில் ஃபாண்டை வைத்தே தேடலாம். ஆங்கிலம் இருக்கிற இடங்களை முதலில் தேடி எடுத்து ஒரு அடையாளம் போட்டுவிட்டு, பாமினியில் இருப்பதை மட்டும் மாற்றுகிறேன். இதுவரை 40 புத்தகம் முடிந்தது. நேற்று ஒரு எழுத்தாளர் தன் ஊர் எந்தெந்தக் கதையில் வருகிறது என்று போனில் கேட்டார், அவர் லைனில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் சாஃப்ட்வேரில் கிடக்கிற 11 புத்தகத்தை மட்டும் இன்னும் தொடவில்லை. அதிலிருந்து எழுத்தை உருப்படியாக வெளியே எடுத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.