பட்டாளத்துக்குப் போனவங்க எல்லாரையும் "மாவீரர்"னு கல்லுல வெட்டலாமா?

களக்காட்டான்:
அண்ணாச்சிமாரே, ஊர்ல இந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னாடி பட்டாளத்துல இருந்த, இருக்கிற 40 பேருக்கும் ஒரு கல் வைக்கப் போறாங்க. ஒருத்தர் 1965 போர்ல இறந்தவர். தலைப்பு "எங்க ஊர் மாவீரர்கள்"னு ஒரு பக்கம் சொல்லுதாங்க. சேர்ந்தாலே மாவீரரா, செஞ்ச காரியத்துக்குத்தானே அந்தப் பேருன்னு இன்னொரு பக்கம் கேக்காங்க. என்ன எழுதலாம்?

பொருநைக்கரை:
"படைவீரர்"ங்கிறது வேலையோட பேரு. அதை எல்லாருக்கும் போடலாம், போடணும். "மாவீரர்" அப்படி இல்ல. பழைய நடுகல்லைப் பாருங்க. ராஜா பேரு, ஆட்சியாண்டு, ஆள் பேரு, அப்புறம் என்ன செஞ்சாங்கிறது: ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டுச் செத்தான், புலியைக் குத்திச் செத்தான். செயல் இல்லாம கல் இல்ல. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லுல கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்ன கோவிவன்ங்கிற நாய்க்கும் எழுத்து இருக்கு. பட்டாளத்துலயும் இதே கணக்குதான். போர்க்கள வீரத்துக்கு உச்ச விருதான பரம் வீர் சக்ரா இதுவரைக்கும் 21 பேருக்குத்தான். போர்க்களத்துக்கு வெளிய காட்டுற வீரத்துக்கு உச்ச விருதான அசோக சக்ரா பட்டாளத்துல இல்லாதவங்களுக்கும் உண்டு. 1986ல கராச்சி விமானக் கடத்தல்ல பயணிகளைக் காப்பாத்தி இறந்த பணிப்பெண் நீரஜா பனோட்டுக்குக் கொடுத்தாங்க.

வீரவநல்லூர் வாசகன்:
இதை நான் ஒத்துக்கிட மாட்டேன். சியாச்சின் பனிமலையில ஒரு குளிர்காலம் நின்னவன் ஒரு குண்டு சுடலேன்னாலும் வீரன்தான். சமையக்காரர், டிரைவர், நர்சிங் அசிஸ்டன்ட் இவங்களையெல்லாம் எங்க வைப்பீங்க?

பொருநைக்கரை:
துப்பாக்கி பிடிச்சவனுக்கு மட்டும்னு நான் சொல்லல. 2020 ஜூன் 15 லடாக்ல சீனப் படையோட நடந்த கல்வான் மோதல்ல நாயக் தீபக் சிங் நர்சிங் அசிஸ்டன்ட்தான். காயம்பட்ட 30 பேருக்கு மேல சிகிச்சை பார்த்து இறந்தாரு, வீர் சக்ராங்கிற வீர விருது கிடைச்சது. அங்கயும் அவர் செஞ்சதைத்தான் பார்த்தாங்க. சியாச்சின்ல நின்னவருக்கு "சியாச்சின்"னு இடத்தை வெட்டுங்க. படிக்கிறவனுக்கு மாவீரர்ங்கிற சொல்லை விட அது அதிகம் சொல்லும்.

ரெக்கார்டு ஆபீஸ்:
வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்லயும் டிஸ்சார்ஜ் புக்கை (பட்டாளத்துல இருந்து வெளிய வரும்போது கொடுக்கிற சேவைப் புத்தகம்) வாங்கிப் பாருங்க. ரேங்க், யூனிட், சேர்ந்த தேதி, மெடல் எல்லாம் அதுல இருக்கும். தப்பு நடக்கிறதே மெடல்லதான். நெஞ்சுல அஞ்சு ரிப்பன் இருந்தா அஞ்சு வீர விருதுன்னு எழுதிருதாங்க. 9 வருஷம், 20 வருஷம் ஆனாலே வர்ற மெடல் உண்டு. வீர் சக்ரா ரிப்பன் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. கறுப்பு வெள்ளை போட்டோவுல அது தெரியாது. சேனா மெடல் வீரத்துக்கும் வரும், நல்ல சேவைக்கும் வரும், அதனால விருது அறிவிப்பு வந்த கெசட்டை (அரசிதழை) பார்க்காம எழுதாதீங்க.

1965ல இறந்தவருக்கு, குடும்பத்துக்கு வந்த கடிதத்துல "பேட்டில் கேஷுவாலிட்டி"ன்னு, அதாவது போர்ல பலியானவர்னு, இருந்தா "போரில் வீரமரணம்"னு போட்டு, இடமும் தேதியும் வெட்டுங்க. பணியில நோய், விபத்துல இறந்தவருக்கு "பணியில் இறந்தார்". அது குறைச்சல் இல்ல, உள்ளது அதுதான். "தியாகி" வேண்டாம்; நம்ம ஊர்ல அது சுதந்திரப் போராட்டக்காரங்களைக் குறிக்கிற சொல்லு.

தலைப்பு "எங்கள் ஊர்ப் படைவீரர்கள்" போதும். எழுத்து முக்கால் அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், "ணை", "ஞ" சுழியெல்லாம் பெயிண்ட் அடைஞ்சு படிக்க முடியாம ஆயிரும். இப்ப சர்வீஸ்ல இருக்கிற பையங்களுக்குச் சேர்ந்த வருஷத்தை மட்டும் வெட்டி, பக்கத்துல ஓய்வு பெறுற வருஷத்துக்கு நாலு எண் இடம் விட்டிருங்க.